பிறவிப் பல்லின்மையும் முகத்தின் அமைப்பும்

வளர்ச்சி முற்றிய மனிதனுக்கு வாய்க்கும் பற்கள் 32 என்பது கீழ்வகுப்பு மாணவரும் அறிந்த கணக்கு. ஆயின் அக்கணக்கு எல்லார்க்கும் நிரம்புவதில்லை. வாயில் ஒரு பல் குறைந்திருப்பதற்குக் காரணம் பலவாகலாம். சூத்தையாற் பிடுங்கப்பட்டிருக்கலாம், அடிபட்டு வீழ்ந்திருக்கலாம், தாடையென்பினுள்ளே புதைந்து வெளிவராது கிடக்கலாம். இம்மூன்றும் ஈண்டு ஆராயப்படுவன அல்ல. பல்லின் முளை கருவிலே தோன்றாமையாலோ, தோன்றியும் வளராது ஒடுங்கினமையாலோ, ஒருபோதும் உண்டாகாத பல்லைப் பற்றியதே இக்கட்டுரை. இதனைப் பிறவிப் பல்லின்மை என்பாம். கண்ணாற் பார்த்த அளவில் இதனைத் துணிதல் இயலாது. எக்ஸ் கதிர்ப் படத்தில் தாடையினுள்ளும் அப்பல் இல்லை என்று கண்ட பின்னரே அவ்வாறு கூறல் முறை.

இக்குறை அரிதன்று. ஞானப்பல் எனப்படும் மூன்றாங் கடைவாய்ப்பல்லை எடுத்துக்கொண்டால், உலக மக்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவர்க்கு அவற்றுள் ஒன்றேனும் உண்டாவதில்லை. ஞானப்பல்லை நீக்கிப் பார்ப்பினும், 2004 இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர் ஐரோப்பியரிடையே நூற்றுக்கு ஐந்தரைப் பேர் அளவில் இக்குறையைக் கண்டனர். ஆண்களிலும் பெண்களிடத்து இது சற்று மிகுதி. இவருட் பெரும்பாலார்க்கு இல்லாதவை ஒன்றிரண்டு பற்களே. ஆறும் அதற்கு மேலும் இல்லாதவர் ஆயிரவர்க்கு ஒருவர் இருவர் அளவினர்; ஒரு பல்லும் இல்லாதவர் அவரினும் மிக அரியர். பாற்பற்கள் பிறவியிலேயே இல்லாமை நூற்றுக்கு ஒன்றினுங் குறைவு.

இல்லாமற் போகும் பல் எது என்பதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. வெட்டும்பல், வேட்டைப்பல், முன்கடைவாய்ப்பல், கடைவாய்ப்பல் என்னும் நால்வகையில், ஒவ்வொரு வகையிலும் இறுதியில் நிற்பதே பெரும்பாலும் இல்லாமற் போகின்றது. வெட்டும்பல்லில் மேற்றாடையின் இரண்டாவதும், முன்கடைவாய்ப்பல்லில் இரண்டாவதும், கடைவாய்ப்பல்லில் மூன்றாவதும் இவ்வாறு நிலையற்றவை. ஒற்றையாய் நிற்கும் வேட்டைப்பல் பெரும்பாலும் தவறாது முளைக்கும். பட்லர் என்னும் ஆங்கில அறிஞர் 1939 இல் பாலூட்டிகளின் பற்களை ஆராய்ந்து, ஒவ்வொரு பல்வகையும் தாடையில் ஒரு புலத்தின் ஆட்சிக்கு உட்பட்டது என்றும், அப்புலத்தின் வலி ஒரு முனையிற் செறிந்து மறுமுனையில் மெலியும் என்றும் கருதினார். டால்பேர்க் என்பார் 1945 இல் இக்கருத்தை மனிதர் பற்களுக்குப் பொருத்திக் காட்டினார். கீழ்த்தாடை வெட்டும்பற்களில் மட்டும் நடுப்பல்லே நிலையற்றதாய் இருத்தல் இவ்விதிக்குப் புறநடை. பல் குறைந்தவரிடத்து எஞ்சிய பற்களும் சராசரியிற் சிறியனவாய் இருப்பதும், ஒரு பக்கத்தில் இரண்டாம் வெட்டும்பல் இல்லாதவனுக்கு மறுபக்கத்தில் அப்பல் முளைக்குச்சி போற் கூம்பி நிற்பதும் பல் வைத்தியர் நாடோறும் காண்பன. ஆகவே இன்மை என்பது சிறுத்தலின் கடைசிப் படி என்று கொள்ளுதல் பொருந்தும். உருவாகும் முளை ஓரளவுக்கு மேற் பருத்தாற் பல்லாகின்றது. அவ்வளவை எட்டாதது பல்லாகாது ஒழிகின்றது.

இத்துறையிற் பழமையும் புகழும் வாய்ந்த சான்று நம் அயல்நாடாகிய இந்தியாவினின்றும் அன்று பிரியாதிருந்த சிந்து மாகாணத்திற்குரியது. சாள்ஸ் டார்வின் வெளியிட்ட நூலொன்றில், வளர்ப்பு விலங்குகளினதும் பயிர்களினதும் மாறுபாடுகளை ஆராயுமிடத்து, வெடர்பேண் என்பார் தமக்கு அறிவித்த செய்தியாக ஓர் இந்துக் குடும்பத்தின் வரலாற்றைக் கூறுகின்றார். அக்குடும்பத்தில் நான்கு தலைமுறையில் ஆடவர் பதின்மர்க்கு, இரு தாடையிலுமாகச் சிறியனவும் வலியற்றனவுமான 4 வெட்டும்பற்களும் 8 கடைவாய்ப்பற்களுமே இருந்தன. உடலில் மயிர் மிகக் குறைவு. இளமையிலேயே தலை வழுக்கையாயிற்று. கோடையில் தோல் வறண்டு பெருந்துன்பம் உற்றனர். அக்குடும்பத்துப் பெண் ஒருத்தியேனும் இக்குறைக்கு ஆளாகவில்லை; ஆயின் பெண்கள் தம் ஆண்மக்களுக்கு அதனை வழங்கினர். ஆடவன் ஒருவன் தன் மகனுக்கு வழங்கியதில்லை.

மெண்டலின் ஆய்வு உலகுக்கு மீண்டும் தெரியவந்தது 1900 இலே. அதற்குப் பல ஆண்டுகள் முன்னதாக எழுதப்பட்ட இக்குறிப்பு, எக்ஸ் நிறமூர்த்தத்தின் வழியே இறங்கும் பரம்பரைக் குறையை எவ்வளவு செப்பமாகக் காட்டுகின்றது என்பது வியக்கற்பாலது. மகன் தந்தையிடமிருந்து எக்ஸ் நிறமூர்த்தத்தைப் பெறுவதில்லை, தாயிடமிருந்தே பெறுகின்றான். டார்வின் இதன் காரணத்தை அறிந்திலர். எனினும் கண்டதைக் கண்டவாறே எழுதினார். நூற்றாண்டு கடந்தும் அக்குறிப்புப் பயன்படுகின்றது. அறிவியல் மாணவர் இதனைக் கருதிப் பார்த்தல் நன்று. இக்குறைக்குரிய பரம்பரையலகு 1996 இல் இனங்காணப்பட்டது. மயிர், பல், வியர்வைச் சுரப்பி ஆகிய மூன்றும் முளையத்தின் புறப்படை உள்நோக்கி மடிந்து தடிப்பதாற் பிறப்பவை. அம்மடிப்பை ஏவும் சைகை கெடவே மூன்றும் ஒருங்கே குன்றுகின்றன. குறையைத் தாங்கி நிற்கும் பெண்களும் முற்றாகத் தப்புவதில்லை என்பது பின்னர்த் தெரிந்தது. அவரிற் பலர்க்கு ஒன்றிரண்டு பல் இராது, அன்றிக் கூம்பியிருக்கும். மயிரற்ற நாய்களுக்குப் பற்களும் குறைவு என்று டார்வின் எழுதியதும் பொய்க்கவில்லை. மெக்சிக்கோ, பெரு முதலிய நாடுகளின் மயிரற்ற நாய்களில் அவ்விரு குறைக்கும் ஒரே பரம்பரையலகு காரணம் என்று 2008 இல் நிறுவப்பட்டது.

இனி முகத்தை நோக்குவாம். சிந்துக் குடும்பத்தினர்க்கு இருந்த இந்நோய் உடையவர் முகங்கள், அவர் எந்நாட்டவராயினும், உடன்பிறந்தார் முகம் போல் ஒத்திருக்கும். நெற்றி புடைத்தும், மூக்கின் தண்டு தாழ்ந்தும், உதடு தடித்துப் பிதுங்கியும், மூக்கிற்கும் நாடிக்கும் இடைப்பட்ட உயரம் குறுகியும் காணப்படும். ஐந்து வயதுச் சிறுவனுக்கும் முதியோன் சாயல் வந்துவிடுகின்றது. இச்சாயல் பல்லின்மையால் வந்ததா? அன்றிப் பல்லையும் முகத்தையும் ஒருங்கே தாக்கிய வேறொரு காரணத்தால் வந்ததா? பல் இல்லாவிட்டால் தாடையும் வளராது என்று பலர் எண்ணுகின்றனர். எண்ணுவதற்கு எளிதாயினும், சான்று அதற்கு மாறாக உள்ளது.

இவ்வினாவிற்கு விடையளிப்பதற்கு, பற்கள் ஒன்றும் தோன்றாத ஒருவரை ஆண்டுதோறும் அளந்துவருதல் வேண்டும். அத்தகைய ஆய்வு ஒன்று 1953 இல் வெளிவந்தது. சார்ணற், புறோடி, குபாக்கி என்னும் மூவர், புறப்படைக் குறையால் ஒரு பல்லும் உண்டாகாத ஒருவரின் முகவளர்ச்சியை 14 ஆண்டுகள் தொடர்ந்து பதிவு செய்தனர். 1931 இல் அமெரிக்காவில் புறோட்பென்ற் என்பாரும், அவ்வாண்டிலேயே ஜேர்மனியில் ஹொவ்ராத் என்பாரும் வகுத்த முறை இதற்குத் துணையாயிற்று. தலையைச் சட்டகம் ஒன்றில் அசையாது நிறுத்தி, குறித்த தொலைவிலிருந்து பக்கவாட்டில் எக்ஸ் கதிர்ப் படம் எடுப்பது அம்முறை. இந்த ஆண்டுப் படத்தையும் சென்ற ஆண்டுப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் எந்த என்பு எத்திசையில் எவ்வளவு வளர்ந்தது என்பது புலனாகும். பதினான்கு ஆண்டுப் பதிவினின்றும் தெரிந்தது இது: பல் ஒன்றேனும் இல்லாதிருந்தும் தாடைகள் வளர்ந்தன. வளராதது பல்லைத் தாங்கும் என்பு வரம்பு மட்டுமே.

இம்முடிபை விளங்குதற்குத் தாடையை ஒரே துண்டாகக் கருதாது இரண்டு பகுதியாகக் கருதவேண்டும். ஒன்று அடித்தளம், மற்றையது அதன்மீது எழும் பற்குழி வரம்பு. அடித்தளம் தன் வளர்ச்சியைத் தானே நடத்துவது. கீழ்த்தாடை காதருகே உள்ள மூட்டின் தலையிலும், தசைகள் பற்றும் பரப்புகளிலும் வளர்கின்றது. மேற்றாடை அயல் என்புகளோடு சேரும் பொருத்துகளிலும் தன் புறப்பரப்பிலும் வளர்கின்றது. பல் அங்கெல்லாம் வேண்டப்படுவதில்லை. பற்குழி வரம்போ பல்லின் பொருட்டே பிறந்து, பல்லோடு உயர்ந்து, பல் போயின் தேய்வது. வயலில் நீர் நிற்கும் வரையே வரம்பு பேணப்படுதல் போல என்று ஒருவாறு உவமிக்கலாம். பிறவியிற் பல் இல்லாதவிடத்தில் இவ்வரம்பு எழுவதேயில்லை. முரசின் கீழ் என்பு கத்தி விளிம்பு போல் மெலிந்து நிற்கும்.

வரம்பு எழாமையால் முகத்துக்கு நேரும் மாற்றம் சிறிதன்று. மூக்கடி தொடங்கி நாடி வரையுள்ள உயரத்தில் மேல் வரம்பு, கீழ் வரம்பு, இரண்டிலும் நிற்கும் பற்கள் ஆகியவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. அவை இல்லாதபோது வாயை மூடினாற் கீழ்த்தாடை தடையின்றி மேலே செல்லும். காதருகே அச்சுடைய கதவு போன்றது கீழ்த்தாடை. அது வழக்கமான எல்லையைக் கடந்து மூடும்போது நாடி மேலே எழுவதோடு முன்னுக்கும் வருகின்றது. ஆதலால் கீழ்முகம் குறுகும்; உதடுகள் நெருக்குண்டு பிதுங்கும்; நாடி நீண்டதுபோற் தோன்றும். நாடியென்பு நீளவில்லை, அதன் இருப்பிடமே மாறிற்று. இதற்குச் சான்று எளிது. அத்தகைய ஒருவர்க்குத் தக்க உயரத்தோடு கட்டுப்பல் வைத்தவுடன், அந்நாளிலேயே கீழ்முகத்தின் உயரம் மீள்கின்றது, நாடி பின்வாங்குகின்றது. ஒரு நாளில் என்பு வளராது. ஆகவே கட்டுப்பல்லால் மீளும் அளவெல்லாம் தாடையின் நிலையாற் பட்டது. மீளாது எஞ்சுவதே என்பின் குறை எனக் கொள்ளல்வேண்டும். சிந்துக் குடும்பத்தின் நோயில் அவ்வாறு எஞ்சுவதும் உண்டு. மேற்றாடை உள்வாங்கி நிற்பதும், மூக்குத் தண்டு தாழ்ந்திருப்பதும் கட்டுப்பல்லால் மாறுவன அல்ல.

முற்றும் பல்லிலார் மிகச் சிலர். சில பற்கள் இல்லாதாரிடத்து முகம் எவ்வாறு இருக்கும் என்பதை அறிய, நோர்வே, சுவீடன் முதலிய நாடுகளில் நூற்றுக்கணக்கான சிறாரின் தலைப்படங்கள் அளக்கப்பட்டன. ஒன்றிரண்டு பல் இல்லாதாரின் முக அளவுகள் ஏனையோர் அளவுகளின் இயல்பான வேறுபாட்டெல்லைக்குள் அடங்கின. அவர் முகத்தைப் பார்த்து எவரும் எதனையும் கூறவியலாது. இல்லாத பற்களின் தொகை ஏற ஏறச் சில குறிகள் தெளிவாகின்றன. கீழ்முகத்தின் முன்னுயரம் குறைகின்றது. கீழ்த்தாடையின் அடிவிளிம்பு சரிவு குறைந்து கிடைநிலையை அணுகுகின்றது. மேற்றாடை முன்பின் அளவிற் சற்றுக் குட்டையாகின்றது. வெட்டும்பற்கள் முன்சாயாது நிமிர்ந்தோ உட்சாய்ந்தோ நிற்கின்றன. அதனால் உதடும் பின்னடைகின்றது. நாவின் உந்தலும் உதட்டின் அழுத்தமும் சமனாகுமிடத்தில் முன்பல் நிற்கும் என்பர். பக்கத்துணை குறைந்த பல்வரிசை உதட்டின் அழுத்தத்துக்கு எளிதில் இணங்குவதால் உட்சாய்வு நேர்கின்றது.

நோர்வே அறிஞரான ஓகார்ட், குறொக்ஸ்ராட் என்போர் 1995 இல் வெளியிட்ட ஆய்வில், பல பற்கள் இல்லாதாரின் முகவமைப்புக்கு வேறான வளர்ச்சி முறை காரணமன்று. பல்வரிசையும் தொழிற்பாடும் அக்குறைக்கு ஏற்பத் தம்மை அமைத்துக்கொண்டதே காரணம் என்று முடிபு கூறினர். மேற்கூறிய கதவின் நியாயம் இதற்கு அரண் செய்கின்றது.

எனினும் மறுகட்சியும் வலியற்றதன்று. பல்லும் தாடையும் ஒரு குலத்தன. முளையத்தின் நரம்புத் தவாளிப்பின் விளிம்பிலிருந்து புறப்பட்டு முகப்பக்கம் வந்து சேரும் கலங்களே தாடையென்பையும் பல்லின் உட்பகுதியாகிய பன்முதலையும் ஆக்குகின்றன. ஆறாம் வாரத்திலே வாய்ப்புறத்தின் மேலிழையம் தடிக்க, அதனடியில் இக்கலங்கள் செறிய, இரண்டும் ஒன்றையொன்று ஏவிப் பல்முளை உண்டாகும். எம்எஸ்எக்ஸ்-1 என்னும் பரம்பரையலகை நீக்கிய சுண்டெலிகளில் 1994 இலும், பாக்ஸ்-9 என்பதை நீக்கியவற்றில் 1998 இலும் கண்டது யாதெனின், பற்கள் மொட்டுப் பருவத்திலேயே நின்றுவிட்டன. அவற்றோடு அண்ணமும் பிளந்திருந்தது. மனிதரிடத்தும் எம்எஸ்எக்ஸ்-1 இன் விகாரத்தால் இரண்டாம் முன்கடைவாய்ப்பற்களும் ஞானப்பற்களும் இல்லாத குடும்பம் ஒன்று 1996 இலும், பாக்ஸ்-9 இன் விகாரத்தாற் கடைவாய்ப்பற்கள் இல்லாத குடும்பம் ஒன்று 2000 இலும் அறிவிக்கப்பட்டன. உதட்டுப் பிளவோடும் அண்ணப் பிளவோடும் பிறந்த குழந்தைகளுக்குப் பிளவுண்ட பக்கத்தில் இரண்டாம் வெட்டும்பல் இல்லாதிருத்தல் மிகுதி. டவுண் கூட்டறிகுறி உடையாரிடத்து மேற்றாடை சிறுத்தலும் பல் குறைதலும் ஒருங்கே காணப்படும். ஓர் ஏவல் கெட்டதால் இரண்டிடத்துப் பணி கெட்டது என்பதே இங்கெல்லாம் பொருந்துவது. அதனாற் பல்லின்மை தாடையைச் சிறுக்கச் செய்தது என்றோ, தாடை சிறுத்தமையாற் பல்லுக்கு இடமில்லாது போயிற்று என்றோ கூறல் ஆகாது.

ஆயினும் ஏவலை மட்டும் கொண்டு யாவற்றையும் விளக்கிவிட முடியாது. ஒரே கருவிற் பிரிந்து ஒரே பரம்பரையலகுகளை உடைய இரட்டையரில் ஒருவர்க்குப் பல் இல்லாதிருக்க, மற்றவர்க்கு அது சிறுத்தேனும் முளைத்திருத்தல் உண்டு.

என் மதிப்பில் இரு கட்சியும் வெவ்வேறு பொருளையே பேசுகின்றன. கீழ்முகத்தின் உயரக்குறைவு, நாடியின் எழுச்சி, முன்பற்களின் உட்சாய்வு ஆகியவற்றுக்குத் தொழிற்பாட்டு விளக்கம் போதும். மேற்றாடையின் குட்டைக்கும் மூக்குத் தண்டின் தாழ்வுக்கும் கருவிலேயே காரணம் தேடவேண்டும். இரண்டையும் ஒரே தராசில் வைத்தமையாலேயே வழக்கு நீண்டது.

மனிதகுலம் முன்னேற முன்னேறத் தாடை சுருங்குகின்றது, அதனாற் பற்களும் குறைகின்றன, வருங்கால மனிதன் பல்லிலியாவான் என்று மேடைகளிற் கேட்கின்றோம். சீனாவின் லாந்தியன் பகுதியில் 1963 இற் கண்டெடுக்கப்பட்ட நிமிர்ந்த மனிதனின் கீழ்த்தாடை ஐந்து இலட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்டது, பருத்தது, மெல்லுணவு அறியாதது. அத்தாடையில் இருபுறமும் ஞானப்பல் பிறவியிலேயே இல்லை. மெல்லிய உணவு உண்ணும் சிறாரின் தாடை முழு அளவுக்கு வளராமற் பல் நெருக்குண்டு கோணுவது உண்மை. அது வாழ்நாளில் நேரும் தாடைக் குறை. பல்லின் தொகையோ பிறக்குமுன் எழுதப்பட்ட கணக்கு. இரண்டும் ஒன்றல்ல.

இவையெல்லாம் ஏட்டுச் செய்தியாக நின்றுவிடுவன அல்ல. வகுப்பறையிற் பால்மணம் மாறாத முகத்தில் முதுமைச் சாயல் கண்டு, ‘கிழவன்’ என்று பட்டம் சூட்டுவோர் சிறுவர் மட்டுமல்லர். பெற்றோரோ, பல் பிந்தி முளைக்கும் என்று ஆண்டுக் கணக்கிற் காத்திருப்பர். அன்றி ஆடாத பாற்பல்லைப் பிடுங்குவித்தாற் புதுப்பல் வரும் என்று நம்புவர். அடியில் நிலைப்பல் இல்லாவிடின் அப்பாற்பல்லே குழந்தைக்குச் செல்வம். கீழ்த்தாடையின் இரண்டாம் பாற்கடைவாய்ப்பல் நல்ல வேருடையதாயின் பலர்க்கு இருபது ஆண்டுகளுக்கு மேலும் நின்று உழைக்கின்றது. அதனைச் சூழ்ந்த பற்குழி வரம்பையும் காக்கின்றது. அது என்போடு ஒட்டிப்போய், அயற்பற்கள் எழத் தான் எழாது தாழுமாயின் மட்டும் பல் வைத்தியர் வேறு வழி காண்பார். மேலும், அதற்குரிய நிலைப்பல்லின் முளை சிலர்க்கு மிகப் பிந்தி, எட்டு ஒன்பது வயதளவிலே படத்திற் தெரிதலும் உண்டாதலின் ஐந்து வயதில் எடுத்த ஒரு படத்தைக் கொண்டு இல்லை என்று அறுதியிடுதல் தகாது.

தைத்தேனியத் திருகைத் தாடையென்பிற் செலுத்திப் பல் பொருத்தும் முறை இன்று பரவலாயிற்று. வசதியுள்ள பெற்றோர் பன்னிரண்டு வயதிலேயே அதனைச் செய்விக்க விரைகின்றனர். வளரும் தாடையில் அது கூடாது. இயற்கைப் பற்கள் வரம்போடு உயர்ந்து செல்ல, திருகு நட்ட இடத்திலேயே நிற்கும். சில ஆண்டுகளில் அப்பல் பள்ளத்தில் நிற்பதுபோற் தோன்றும். வளர்ச்சி நின்ற பின்னரே அது தக்கது. பல் முற்றும் இல்லாத சிறுவரின் கீழ்த்தாடை முன்புறத்தில் மட்டும் சில வைத்தியர் விலக்களித்துச் செய்வர். அங்கு உயர்ந்து செல்லும் அயற்பல் இல்லாமையே காரணம்.

சிந்துக் குடும்பத்தின் நோய்க்கு ஜேர்மனியின் எர்லாங்கன் நகர வைத்தியர்கள் புதுவழி ஒன்று கண்டனர். கருவிற் கெட்டுப்போன சைகைப் புரதத்தைச் செயற்கையாக ஆக்கி, தாய் வயிற்றிலுள்ள குழந்தையைச் சூழ்ந்த நீரிற் செலுத்தினர். இரட்டையர் இருவர்க்கும் வேறொரு குழந்தைக்கும் இவ்வாறு செய்து, பிறந்தபின் அவர்கள் இயல்பாக வியர்ப்பதை 2018 இல் வெளியிட்டனர். கோடையில் தோல் வறண்டு துன்புற்ற அப்பதின்மரின் குறைகளுள் உயிருக்கு அஞ்சத்தக்கது அதுவே.

அம்மருந்து எட்டாத ஏனையோர்க்குக் கட்டுப்பல்லே துணை. மூன்று நான்கு வயதில், குழந்தை வைத்தியர் சொற்கேட்டு வாய் திறந்திருக்கப் பழகியவுடன் அதனை வைப்பர். மெல்லுதல் எளிதாகும்; பல்லிடத்துப் பிறக்கும் எழுத்துகள் திருந்தும்; கீழ்முகம் தன் உயரத்தைப் பெறும். அச்சிறுவர் பாடசாலைக்கு வருமுன் இதனைச் செய்வித்தல் பெரிதும் நலம். ஆனால் நான்கு வயதில் ஆக்கிய கட்டுப்பல் சில ஆண்டுகளிற் பொருந்தாது போம். மீண்டும் மீண்டும் புதிதாக ஆக்கவேண்டும். பல் ஒன்றும் இல்லாத அத்தாடை அவ்வளவுக்கு வளர்ந்துவிடுகின்றது.